கழகம் போன வழி, வீரர்கள் வந்த வழி

ஜூன் 13, 2025, வெள்ளி – டூட்டிங்

டொரண்டோவிலிருந்து காலையில் வந்து இறங்கினேன். மச்சான் விமான நிலையத்துக்கே வந்து ஏற்றிக்கொண்டு போனான். டூட்டிங்கில் அவன் வீட்டில்தான் தங்கல்.

லண்டனுக்கு வருகிறவர்கள் பார்க்கும் இடம் எதுவும் இந்த முறை என் பட்டியலில் இல்லை. சிறுவயதில் என்னை உதைபந்தாட்டப் பைத்தியமாக்கிய விம்பிள்டன் கழகத்தின் வீரர்கள் ஓடிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன். அன்றன்றைக்கு இரவே இங்கே எழுதுகிறேன்.

விம்பிள்டன் என்றால் டென்னிஸ் என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. 1889இல் தொடங்கிய கழகம் அது. 1977 வரை நாட்டின் லீக் போட்டிகளுக்குள்ளேயே வராத சிறிய அணி. அங்கிருந்து ஒன்பதே வருடத்தில் நான்கு பிரிவும் ஏறி 1986இல் முதல் பிரிவுக்கு வந்தது. 1988இல் லிவர்பூலைத் தோற்கடித்து, இங்கிலாந்தின் பெரிய கழகமும் சின்னக் கழகமும் சேர்ந்து மோதும் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது. 2002இல் மூன்று பேர் கொண்ட ஒரு குழு கூடி, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அந்தக் கழகம் தொண்ணூறு கிலோமீற்றர் தள்ளி மில்டன் கீன்ஸ் நகருக்கு இடம்பெயரலாம் என்று அனுமதி கொடுத்தது. இன்று மில்டன் கீன்ஸ் டோன்ஸ் என்ற பெயரில் இருப்பது அதுதான். ரசிகர்கள் அடுத்த சில வாரங்களிலேயே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள்.

நான் அதற்கு முந்திய வருடமே கனடாவுக்குப் போய்விட்டேன். செய்தியைத் தொலைபேசியில் சொன்னவன் மச்சான். "எங்கட கிளப்பைத் தூக்கிக் குடுத்திட்டாங்கள்" என்று அவன் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஊரை விட்டு வந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல் எப்படி வலித்திருக்கும் என்று யாழ்ப்பாணத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ வந்த எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

நாளை பிளௌ லேன்.

ஜூன் 14, சனி – பிளௌ லேன்

டூட்டிங் பிராட்வேயிலிருந்து நடந்தே போனோம். கறட் லேனைப் பிடித்து, சமர்ஸ்டவுன் ஊடாகப் போனால் அரை மணிக்குள் போய்விடலாம். வழியில் வாண்டில் ஆறு குறுக்கிடும். ஆறு என்று பெயர்தான், எங்கள் ஊர்க் கணக்கில் வாய்க்கால்.

முதலில் பழைய மைதானம் இருந்த மூலைக்குப் போனோம். டர்ன்ஸ்ஃபோர்ட் வீதியும் பிளௌ லேனும் சந்திக்கும் இடம். 1912இலிருந்து 1991 வரை கழகம் அங்கேதான் ஆடியது. பிறகு காணியை ஒரு சூப்பர்மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்றார்கள். 2002இல், கழகத்தை எடுத்துப் போக அனுமதி கொடுத்த அதே வருடத்தில், மைதானத்தையும் இடித்தார்கள். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். வளாகத்தின் பெயர் ரெனோல்ட்ஸ் கேட். கட்டடங்களுக்கு பாசெட் ஹவுஸ், பாட்ஸ்ஃபோர்ட் ஹவுஸ், கோர்க் ஹவுஸ், லோரி ஹவுஸ் என்றெல்லாம் பெயர்.

கோர்க் ஹவுஸ் வாசலில் நானும் மச்சானும் கனநேரம் நின்றோம். மூன்றாம் மாடி பல்கனியில் ஒரு சைக்கிளும் இரண்டு புதினாத் தொட்டியும். கீழே ஒருவர் பொதி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். தான் நிற்கும் வாசலுக்கு யாருடைய பெயர் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா?

அலன் கோர்க் 1978இல் டார்பி கழகத்திலிருந்து வந்தவர். கழகம் அவருக்காகச் சதமும் கொடுக்கவில்லை. பதினான்கு வருடம் இங்கேயே ஆடினார். நாலாம் பிரிவு, மூன்றாம் பிரிவு, இரண்டாம் பிரிவு, முதல் பிரிவு என நான்கிலும் விம்பிள்டனுக்காகக் கோல் போட்டவர். நான் பார்க்கத் தொடங்கியபோது தலைமுடி கொட்டத் தொடங்கியிருந்தது, வேகமும் குறைந்திருந்தது. ஆனால் பந்து எங்கே வந்து விழும் என்பது மற்ற எல்லோரையும் விட அரை நொடி முன்னதாகவே அவருக்குத் தெரியும். கூட்டத்துக்குள் நிற்பார், யாரும் கவனிக்கமாட்டார்கள், திடீரென்று தலை மட்டும் மேலே வரும். பத்து வயதில் நான் இலங்கையில் இருந்து வந்து, ஆங்கிலம் பிடிபடாமல், பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் இருந்த காலம் அது. என் முதல் ஹீரோ வின்னி ஜோன்ஸ் அல்ல, ஃபஷானுவும் அல்ல, கோர்க்தான்.

ரெனோல்ட்ஸ் ஆடி நான் பார்த்ததில்லை, கேட்டதுதான். எடி ரெனோல்ட்ஸ் 1963 அமெச்சூர் கிண்ண இறுதியாட்டத்தில் வெம்ப்ளி மைதானத்தில் சட்டன் யுனைட்டெட்டுக்கு எதிராக நான்கு கோல் போட்டார். நான்கும் தலையால். விம்பிள்டன் 4-2 என்று வென்றது.

பாசெட் என்பது டேவ் பாசெட், எங்களை முதல் பிரிவுக்குக் கொண்டுவந்த முகாமையாளர். பாட்ஸ்ஃபோர்ட் என்பது அலன் பாட்ஸ்ஃபோர்ட், லீக்குக்குள் கொண்டுவந்தவர். மைதானத்தை விற்ற பிறகு அதில் கட்டிய வீடுகளுக்கு இந்தப் பெயர்களை வைத்தது நல்ல காரியம் என்று மச்சான் சொல்கிறான். எனக்கு அந்த அளவுக்கு மனம் வரவில்லை. வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது, பெயருக்குரியவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு வரி இருந்தால் என்ன குறைந்துவிடும்?

இந்த மூலையில்தான் மேற்குப் பக்கப் படியில் சித்தப்பா எனக்கொரு பால்பெட்டி போட்டு அதன்மேல் ஏற்றி நிறுத்துவார். முன்னால் நிற்பவர்களின் தோளுக்கு மேலால் பார்க்கலாம். கூரை பதிவாக இருக்கும், மழை பெய்தால் ஓரத்தில் நிற்பவர் நனைவார். பெரிய கழகங்களின் வீரர்கள் உள்ளே வரும்போதே முகத்தைச் சுழிப்பார்கள். உடைமாற்றும் அறை குளிரும், கிரேசி கேங் சுவர் அதிரப் பாட்டு வைத்திருக்கும். எதிரணி பாதி தோற்றுத்தான் மைதானத்துக்குள் வரும்.

கிரேசி கேங் என்று பத்திரிகைகள் வைத்த பெயர் அந்த அணியோடு ஒட்டிவிட்டது. வேடிக்கைக் கதைகளாகவே இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அதில் முரட்டுத்தனமும் இருந்தது. 1993இல் ஃபஷானுவின் முழங்கை பட்டு டொட்டனம் வீரர் கேரி மாபட்டின் கன்ன எலும்பு நொறுங்கியதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வாய் வராது. ஜோன்ஸ் நியூகாசில் வீரர் கேஸ்கோயினின் கவட்டைப் பிடித்த அந்தப் படம் இந்த மைதானத்தில் எடுத்ததுதான், 1988 பெப்ரவரியில். அந்தப் படத்தைப் போஸ்டராக வைத்திருந்த பையன்களில் நானும் ஒருவன். ஆனாலும் அதைவிட எனக்கு மறக்காதது வேறொன்று. ஜோன்ஸ் கட்டட வேலைக்குக் கல் சுமந்தவர், வீல்ட்ஸ்டோன் என்ற சின்னக் கழகத்திலிருந்து பத்தாயிரம் பவுணுக்கு வந்தார். கோல்காப்பாளர் டேவ் பீசன்ட் எட்ஜ்வேர் டவுனிலிருந்து ஆயிரம் பவுணுக்கு வந்தார். பெரிய இடங்கள் எடுக்காமல் விட்ட ஆட்களைச் சேர்த்துக் கட்டிய அணி. எங்கள் சித்தப்பாமார் இரவில் பெற்றோல் நிலையத்திலும் பகலில் கடையிலும் நின்ற காலத்தில் அப்படியொரு அணி எங்களுக்குச் சொந்தமாகத் தெரிந்ததில் என்ன ஆச்சரியம்?

அப்புறம் புது மைதானத்துக்கு நடந்தோம். பழைய இடத்திலிருந்து கூப்பிடு தூரம். முந்தி நாய் ஓட்டப்பந்தயம் நடந்த இடம். ஒன்பதாயிரம் பேருக்குக் கொஞ்சம் மேல் அமரலாம். 2020 நவம்பர் 3ஆம் தேதி டொன்காஸ்டருக்கு எதிராக முதல் ஆட்டம், 2-2. கொரோனா காலம், உள்ளே ஒரு ரசிகரும் இல்லை. இருபத்தொன்பது வருடம் காத்திருந்தவர்கள் வீட்டில் திரையில் பார்த்தார்கள். நானும் டொரண்டோவில் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பார்த்தேன்.

பருவம் முடிந்துவிட்டதால் இன்று ஆட்டமில்லை. போன மாதம் 26ஆம் தேதி வெம்ப்ளியில் வால்சாலை 1-0 என்று வென்று ஒரு பிரிவு மேலே போயிருக்கிறார்கள். மைல்ஸ் ஹிப்போலைட் போட்ட கோல். கழகக் கடையில் அதே பேச்சுத்தான். போன செப்டம்பரில் வாண்டில் பெருகி மைதானத்துக்குள் வந்து, புல்லுக்கடியில் பெரும் பள்ளமே விழுந்தது. நியூகாசிலுக்கு எதிரான ஆட்டத்தை அவர்களின் ஊருக்கே மாற்ற வேண்டி வந்தது. நான் வாய்க்கால் என்று சொன்ன அதே ஆறு! ரசிகர்கள் காசு சேர்த்தார்கள், புல் மறுபடி வந்தது, அந்த வருடமே மேலே ஏறினார்கள்.

ஜூன் 15, ஞாயிறு – மிட்சம், பிறகு விம்பிள்டன்

காலையில் எஃப்ரா வீதிக் கணபதி கோவில். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து தென்லண்டன் தமிழர்களுக்கு இதுதான் ஊர்க்கோவில். இங்கிருந்து பிளௌ லேனுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. சனிக்கிழமை காலை இங்கே கும்பிட்டு, நெற்றியில் திருநீறோடு ஆட்டத்துக்குப் போன நாட்கள் உண்டு. 1988 அரையிறுதிக்கு முதல் நாள் அம்மா என் பெயருக்கும் சித்தப்பா பெயருக்கும் அர்ச்சனை செய்தா. ஐயரிடம் "டேவ் பீசன்ட்" என்று ஒரு பெயரையும் சேர்க்கச் சொல்லி நான் கேட்டேன். நட்சத்திரம் தெரியாததால் அம்மா விடவில்லை.

பகல் சாப்பாடு மிட்சத்தில் சித்தப்பா வீட்டில். எழுபதைத் தாண்டிவிட்டார், கால் ஏலாது, ஆனால் ஞாபகம் கத்தி. 1974இல் படிக்க வந்தவர், எங்கள் குடும்பத்தின் முதல் விம்பிள்டன் ரசிகர். அவருக்கு ஒரே ஒரு வீரர்தான்: கோல்காப்பாளர் டிக்கி கை.

1975 ஜனவரி. விம்பிள்டன் அப்போது லீக்கிலேயே இல்லை. எஃப்.ஏ. கிண்ணத்தில் முதல் பிரிவு அணியான பேர்ன்லியை அவர்களின் சொந்த மைதானத்திலேயே 1-0 என்று வென்றது. அடுத்தது லீட்ஸ் யுனைட்டெட், அந்த நேரம் இங்கிலாந்துச் சாம்பியன். லீட்ஸ் மைதானத்தில் கோலில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது, முடியப்போகும் நேரம் லீட்ஸுக்குப் பெனால்டி. அடிக்க வந்தவர் பீட்டர் லோரிமர். அந்தக் காலத்தில் அவருடைய உதைக்கு நாடே பயந்தது. துறைமுகத்தில் வேலை செய்துகொண்டு பகுதிநேரமாக ஆடிய கை, அதைப் பிடித்துவிட்டார். 0-0.

சித்தப்பா அதை வானொலியில் கேட்டிருக்கிறார். அடுத்த ஆட்டம் பெப்ரவரி 10, செல்ஹர்ஸ்ட் பார்க்கில். பிளௌ லேனில் அந்தக் கூட்டத்தை அடக்க முடியாது என்று அங்கே வைத்தார்கள். நாற்பத்தையாயிரம் பேர். சித்தப்பா வந்து சில மாதங்கள்தான், மேற்சட்டைகூடச் சரியாக இல்லை. லீட்ஸின் ஜைல்ஸ் அடித்த பந்து பாசெட்டின் காலில் பட்டுத் திரும்பி உள்ளே போனது. அதே டேவ் பாசெட்தான், அப்போது வீரர். 1-0 என்று தோற்றோம். "தோத்த அண்டைக்குத்தான் நான் ஆதரவாளன் ஆனனான்" என்றார் சித்தப்பா. சோற்றைப் பிசைந்தபடியே, கை எந்தப் பக்கம் பாய்ந்தார் என்று இடக்கையால் காட்டினார்.

டிக்கி கை பிறகு ஏ.எஃப்.சி. விம்பிள்டனின் தலைவராக வந்தார். கழகத்தைக் கொண்டுபோனவர்களால் அவரைக் கொண்டுபோக முடியவில்லை என்பதில் சித்தப்பாவுக்குப் பெருமை. எனக்கும்தான்.

1988 மே 14ஐப் பற்றிப் பேசாமல் அந்த வீட்டிலிருந்து எழும்ப முடியுமா? இதே வீட்டு முன்னறையில்தான் பார்த்தோம். 37ஆவது நிமிடம் டெனிஸ் வைஸ் இடப்பக்கத்திலிருந்து ஃப்ரீ கிக் எடுக்கிறார், லோரி சான்செஸ் தலையால் தட்டுகிறார், பந்து கோல்காப்பாளரைத் தாண்டி மூலைக்குள். பிறகு ஒரு மணி நேரத்தை ஒட்டி லிவர்பூலுக்குப் பெனால்டி. எங்கள் பின்கள வீரர் குட்இயர் பந்தைச் சுத்தமாகத்தான் எடுத்தார், இன்றைக்கும் சொல்வேன். ஜோன் ஆல்ட்ரிட்ஜ் அடிக்க, பீசன்ட் தன் இடப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டார். வெம்ப்ளியில் எஃப்.ஏ. கிண்ண இறுதியில் பெனால்டி தடுத்த முதல் ஆள். அங்கே அணித்தலைவராகக் கிண்ணத்தைத் தூக்கிய முதல் கோல்காப்பாளரும் அவர்தான். சித்தப்பா அந்த நேரம் எழும்பி "கை! கை!" என்று கத்தினார். அவர் மனதில் அப்போதும் லீட்ஸ்தான்.

அந்த அணியில் எனக்கென்று தனியாக ஒருவர் இருந்தார். பதிலாளாக உள்ளே வந்த லோரி கனிங்ஹம். ரியல் மாட்ரிட்டுக்குப் போன முதல் இங்கிலாந்து வீரர், கறுப்பு வீரர்கள்மேல் வாழைப்பழம் எறிந்த காலத்தில் ஆடியவர். எங்களிடம் சில ஆட்டங்களே ஆடினார். அவர் பந்தைத் தொட்டால் ஓசையே வராது. அடுத்த வருடம் ஜூலையில் மாட்ரிட்டில் கார் விபத்தில் இறந்துபோனார், 33 வயது.

இடது பின்களத்தில் ஆடிய டெரி ஃபீலனை நம் பக்கத்து ஆட்களுக்கும் தெரிந்திருக்கும். 2015இல் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்குப் பயிற்றுநராகக் கொச்சியில் இருந்தவர் அவர்தான்.

மாலையில் விம்பிள்டன் கொமன் பக்கம் ஒரு நடை. 2002 ஜூனில் புதுக் கழகத்துக்கு ஆள் எடுக்க, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்து இந்தத் திடலில்தான் தேர்வு வைத்தார்கள். இருநூறுக்கு மேல் வந்தார்களாம். மச்சானும் வந்திருக்கிறான். எடுபடவில்லை, ஆனால் வந்திருக்கிறான்.

ஜூன் 16, திங்கள் – செல்ஹர்ஸ்ட் பார்க்

இங்கே சொல்ல அதிகமில்லை, அல்லது சொல்ல மனமில்லை. 1991இலிருந்து பன்னிரண்டு வருடம் கிறிஸ்டல் பலஸ் அணியின் வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். தோர்ன்டன் ஹீத்தில் இறங்கி ஏற்றத்தில் நடந்தேன். அதே ஏற்றம், அதே மூச்சிரைப்பு.

1993 ஜனவரி 26, எவர்ட்டனுக்கு எதிராக இங்கே வந்தவர்கள் 3,039 பேர். கொரோனாக் காலத்தை விட்டால், பிரீமியர் லீக் வரலாற்றில் அதைவிடக் குறைந்த கூட்டம் வந்ததில்லை. அதில் நானும் மச்சானும் இருந்தோம். விம்பிள்டனுக்கு ரசிகர்களே இல்லை, அதனால் இடம் மாற்றலாம் என்று பின்னால் வாதாடியவர்கள் இந்த எண்ணைத்தான் காட்டினார்கள். சொந்த மைதானத்தை விட்டு வெளியே போடப்பட்ட அணியின் கூட்டம் அது. வீட்டை விற்றுவிட்டு, வாடகை வீட்டுக்கு விருந்தாளி வரவில்லையே என்று கேட்கிற நியாயம்.

ஆனால் வீரர்கள் இங்கேயும் குறைவைக்கவில்லை. 1993-94இல் பிரீமியர் லீக்கில் ஆறாம் இடம். அணித்தலைவர் ராபி ஏர்ல், நடுக்களத்திலிருந்து ஓடி வந்து கோல் போடுவதில் அவருக்கு நிகரில்லை. 1998 உலகக் கிண்ணத்தில் ஜமேய்க்காவின் முதல் கோலைக் குரோஷியாவுக்கு எதிராகப் போட்டவர் அவர். அதே ஜமேய்க்கா அணியில் மார்கஸ் கேலும் இருந்தார். 1997 பெப்ரவரியில் எஃப்.ஏ. கிண்ணத்தில் மான்செஸ்டர் யுனைட்டெட்டை இங்கே 1-0 என்று வெளியே அனுப்பிய கோல் கேலின் தலையிலிருந்து வந்தது. அதற்கு ஆறு மாதம் முன்னால் இதே மைதானத்தில் பெக்காம் நடுக்கோட்டிலிருந்து போட்ட கோலை உலகம் முழுக்க இன்னும் போட்டுக் காட்டுகிறார்கள். கேலின் கோலை யாராவது காட்டுகிறார்களா?

கேல் பின்னால் ஏ.எஃப்.சி. விம்பிள்டனுக்கும் வந்து ஆடினார். பிரீமியர் லீக், உலகக் கிண்ணம் எல்லாம் பார்த்த மனிதர், சின்ன லீக்கில், சில ஆயிரம் பேர் முன்னால், அதே நீலச் சட்டையில்.

2000 மே 14, கிண்ணம் வென்று சரியாகப் பன்னிரண்டாம் வருட நாள், சௌதாம்ப்டனில் தோற்றுப் பிரிவிறங்கினோம். அதோடு மேலே இருந்தவர்களுக்கு இந்தக் கழகம் விற்பனைச் சரக்கு.

ஜூன் 17, செவ்வாய் – கிங்ஸ்மெடோ

நோர்பிட்டனில் இறங்கி நடந்து போனேன். 2002இலிருந்து 2020 வரை ஏ.எஃப்.சி. விம்பிள்டன் ஆடிய மைதானம். இப்போது செல்சி மகளிர் அணி ஆடுகிறது. வேலியூடாகப் பார்த்தேன். பதிவான கூரை, ஆடுகளத்தை ஒட்டிய படிகள். பழைய பிளௌ லேனுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

2002இல் இடம்பெயர அனுமதி கொடுத்த அந்த மூவர் குழுவின் அறிக்கையில், விம்பிள்டனில் புதுக் கழகம் ஒன்றைத் தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்று எழுதியிருந்தது. அந்தக் கழகம் ஒன்பதே வருடத்தில் ஐந்து பிரிவு ஏறி 2011இல் லீக்குக்குள் வந்தது. லூட்டனுக்கு எதிரான இறுதியாட்டம் பெனால்டியில் முடிந்தது. செப் பிரவுன் இரண்டைத் தடுத்தார், கடைசி உதையை டேனி கெட்வெல் உள்ளே போட்டார். சித்தப்பாவின் வழியில் சொன்னால், டிக்கி கைக்குப் பிறகு பீசன்ட், பீசன்ட்டுக்குப் பிறகு பிரவுன்.

பழைய வீரர்கள் திரும்பி வந்தது இங்கேதான். நீல் ஆர்ட்லி பழைய கழகத்தின் இளைஞர் அணியில் வளர்ந்தவர், செல்ஹர்ஸ்ட் காலத்தில் பெரும்பகுதி வலப்பக்கம் ஓடியவர். 2012இல் முகாமையாளராக வந்து ஆறு வருடம் இருந்தார். 2016இல் வெம்ப்ளியில் பிளிமத்தை வென்று இன்னொரு பிரிவு ஏற்றினார். அவருக்குப் பின் வந்த வாலி டௌன்ஸ் கிரேசி கேங்கின் தொடக்கக் காலத்து ஆள். கடைசி இடத்தில் கிடந்த அணியைப் பருவத்தின் கடைசி நாளில் கரைசேர்த்தார். அவருக்குப் பிறகு கிளின் ஹொட்ஜஸ், அவரும் பிளௌ லேன் பையன். வின்னி ஜோன்ஸ் தன்னுடைய 1988 பதக்கத்தை 2010இல் இந்தக் கழகத்துக்கே கொடுத்துவிட்டார். அவருடைய ஆட்டத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும், அந்த ஒரு காரியத்துக்காக எனக்கு அவர்மேல் மரியாதை.

கிண்ணமும் பட்டங்களும் சட்டப்படி மில்டன் கீன்ஸிடம்தான் போயின. ரசிகர்கள் விடாமல் கேட்டதில் 2007இல் அவற்றை மெர்டன் நகரசபையிடம் கொடுத்தார்கள். தங்கள் வரலாறு 2004இல்தான் தொடங்குகிறது என்று மில்டன் கீன்ஸும் ஒப்புக்கொண்டுவிட்டது.

ஜூன் 18, புதன் – மில்டன் கீன்ஸ்

மச்சான் வரவில்லை. அந்த ஊரில் கால் வைப்பதில்லை என்று 2002இலிருந்து விரதம். ரயில் அந்த வழியாகப் போனால்கூட யன்னலால் பார்க்கமாட்டான். நான் தனியாக யூஸ்டனில் ரயிலேறினேன்.

நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் நெற்வேர்க் ரெயில் நிறுவனத்தின் பெரிய அலுவலகம். அந்த இடத்தில் முன்பு தேசிய ஹொக்கி அரங்கு இருந்தது. 2003 செப்டம்பரில் விம்பிள்டன் என்ற பெயரோடே, விம்பிள்டன் இல்லாத ஊரில், பேர்ன்லிக்கு எதிராக முதல் ஆட்டம் அங்கேதான் ஆடினார்கள். 1975இல் டிக்கி கையும் மற்றவர்களும் வென்ற அதே பேர்ன்லி. 2-2. அரங்கையும் இடித்தாயிற்று. கழுத்தில் அட்டை தொங்கவிட்டவர்கள் கோப்பிக் கோப்பையோடு உள்ளே போய்வந்தார்கள்.

பிறகு டென்பி பக்கம் பஸ் எடுத்து இப்போதைய அரங்குக்குப் போனேன். நல்ல அரங்கு, மறுக்கமாட்டேன். பக்கத்திலேயே ஐக்கியாவும் அஸ்டாவும். அவை வர அரங்கு தேவைப்பட்டது, அரங்கு வர ஒரு அணி தேவைப்பட்டது, அதற்கு எங்களுடையதை எடுத்தார்கள். 2012 டிசம்பரில் இரண்டு கழகமும் முதல்தடவை மோதியது இங்கேதான். ஆர்ட்லி வந்து இரண்டு மாதம்தான். ஜாக் மிட்சன் தலையால் போட்டு 1-1 ஆக்கினார். ஆட்ட முடிவில் கூட்டிய நிமிடங்களில் அவர்களின் ஒட்ஸமோபரின் குதிகாலில் பட்ட பந்து உள்ளே போய் 2-1 என்று தோற்றோம். இரண்டு வருடம் கழித்து இதே அரங்கில் 3-2 என்று வென்றோம், கடைசிக் கோல் அக்கின்ஃபென்வாவுடையது. வரும் பருவத்தில் அவர்கள் எங்களுக்கு ஒரு பிரிவு கீழே.

இவ்வளவுக்கும் நான் இங்கே வந்தது ஒரு வீரருக்காக. டீன் லூவிங்டன்.

கிங்ஸ்டனில் பிறந்த பையன். அதாவது நேற்றுப் போன கிங்ஸ்மெடோவின் ஊர். விம்பிள்டன் இளைஞர் அணியில் வளர்ந்து, 2003 ஏப்ரலில், ரசிகர்கள் புறக்கணித்த காலியான செல்ஹர்ஸ்ட் பார்க் காலத்தில், பதினெட்டு வயதில் முதல் அணிக்கு வந்தார். கழகம் இடம்பெயர்ந்தபோது அதோடு போனார். அங்கேயே இருந்துவிட்டார். ஒரே கழகத்துக்காக 770 லீக் ஆட்டம் என்ற ஜோன் ட்ரொலப்பின் சாதனையை 2023 டிசம்பரில் முறியடித்தார். இந்தப் பருவ முடிவோடு, போன மாதம்தான் ஓய்வு பெற்றார். நாற்பது வயது.

இந்த மனிதரை என்ன செய்வது? பல வருடம் நான் அவர் பெயரையே படிக்காமல் தாண்டியிருக்கிறேன். இன்று அரங்கின் வெளிப்படியில் இருந்து யோசித்தேன். இடத்தை மாற்ற முடிவெடுத்தவர்கள் கோட்டுப் போட்டவர்கள். ஒப்பந்தத்தில் இருந்த பதினெட்டு வயதுப் பையனிடம் யாராவது கேட்டார்களா? ஆயிரம் பவுணுக்கு வந்த பீசன்ட், சும்மா வந்த கோர்க், இவர்களிடம் நான் கொண்டாடியது என்ன? பெரிய இடம் தேடாமல் ஒரே சட்டையில் வேர்வை சிந்தியதைத்தான். கோர்க் பதினான்கு வருடம். லூவிங்டன் அதைவிடக் கூட. பிளௌ லேன் இருந்திருந்தால் அந்தச் சாதனை எங்கள் சாதனை, அவர் பெயரிலும் ஒரு கட்டடம் இருந்திருக்கும். எங்களிடமிருந்து எடுத்துப் போனவற்றில் அவரும் ஒன்று. அவர்மேல் கோபப்பட எனக்கு இப்போது எந்தக் காரணமும் தெரியவில்லை.

அரங்கு வாசலில் ஒரு சிறுவன் தன் தகப்பனோடு பந்து தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது அவனுடைய ஊர்க் கழகம். அவன்மேல் என்ன பிழை?

இரவு டூட்டிங்கில் கொத்துரொட்டிக் கடையில் இதையெல்லாம் மச்சானிடம் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பொடியன் நல்ல பொடியன்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை" என்றான். "ஆனா கடைசி ஒரு சீசனாவது வீட்டுக்கு வந்திருக்கலாம். கேல் வந்தவர்தானே?"

கேலுக்கு இங்கே பழைய வீடு இருந்தது, லூவிங்டனுக்கு இருந்தது காலி அரங்கு மட்டும்தானே என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. கடை பூட்டும்வரை வாதாடினோம். வரும் பருவத்தில் சித்தப்பாவைச் சக்கர நாற்காலியில் பிளௌ லேனுக்குக் கூட்டிப்போவது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு. ஆட்ட அட்டவணை இந்த மாதக் கடைசியில் வருகிறது, வந்ததும் அனுப்புகிறேன் என்றிருக்கிறான். நாளை மத்தியானம் எனக்கு விமானம்.